லுவாவில் தனித்தனி த்ரெட்டுகள்: ஒரு த்ரெட்டுக்கு ஒரு ஸ்டேட்

உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். சி மொழியில் எழுதிய டெஸ்க்டாப் செயலி ஒன்றுக்குள் லுவா என்ற ஸ்கிரிப்ட் மொழியின் 5.4 பதிப்பு பதிக்கப்பட்டிருக்கிறது. பயனர்கள் எழுதும் ஸ்கிரிப்டுகள் பெரிய அளவீட்டுக் கோப்புகளைப் படித்துக் கணக்கிடுகின்றன. அந்தக் கணக்கு முடியும்வரை ஜன்னல் அசையாமல் நின்றுவிடுகிறது. அதைத் தவிர்க்க, ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் லுவா_நியூத்ரெட் மூலம் ஒரு த்ரெட்டை உண்டாக்கி, அதை ஒரு பித்ரெட்டுக்குள், அதாவது இயங்குதளத்தின் உண்மையான த்ரெட்டுக்குள், இயக்கியிருக்கிறீர்கள். சிறிது நேரம் சரியாக ஓடிவிட்டு, ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் செயலி விழுந்துவிடுகிறது. ஸ்கிரிப்டுகள் ஒரு மாறியைக்கூடத் தங்களுக்குள் பகிரவில்லையே, பின் ஏன் விழ வேண்டும் என்பது உங்கள் கேள்வி.

அது விழாமல் இருந்தால்தான் வியப்பு. லுவா_நியூத்ரெட் தருவது இயங்குதளத்தின் த்ரெட் அல்ல, ஒரு கோரூட்டின்: தானாகவே நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய ஓட்டம். அதற்கென்று தனியாக இருப்பது ஓர் அழைப்பு அடுக்கு மட்டுமே. குளோபல் மாறிகள், ரெஜிஸ்ட்ரி (சி நிரல் தன் மதிப்புகளை வைக்கும் டேபிள்), அடிப்படை வகைகளின் மெட்டாடேபிள்கள் (மதிப்புகளின் நடத்தையை வரையறுக்கும் டேபிள்கள்), நினைவகம் ஒதுக்கும் ஃபங்ஷன், கார்பேஜ் கலெக்டர் (பயனற்ற நினைவகத்தை விடுவிக்கும் பகுதி), ஸ்ட்ரிங்குகளின் அட்டவணை ஆகிய மற்ற எல்லாமும் தாய் ஸ்டேட்டுக்கும் (ஸ்டேட் என்பது லுவா ஓடும் சூழல்) அதிலிருந்து பிறந்த கோரூட்டின்களுக்கும் பொது. மூலநிரலில் குளோபல்_ஸ்டேட் என்ற ஒரே கட்டமைப்புக்குள் இவற்றைப் பார்க்கலாம். ஒவ்வொரு லுவா_ஸ்டேட்டும் அதற்கு ஒரு பாயிண்டரை வைத்திருக்கிறது.

எனவே உங்கள் ஸ்கிரிப்டுகள் மாறிகளைப் பகிராவிட்டாலும் இந்த அடித்தளத்தைப் பகிர்ந்துகொண்டேதான் ஓடுகின்றன. 40 பைட்டுக்கு மிகாத ஸ்ட்ரிங் எதை உருவாக்கினாலும், அதே உள்ளடக்கம் ஏற்கெனவே இருக்கிறதா என்று லுவா ஒரு பொதுவான ஹாஷ் அட்டவணையில் தேடுகிறது. இல்லையென்றால் அங்கே சேர்க்கிறது. அட்டவணை நிரம்பினால் அதைப் பெரிதாக்கி எல்லாவற்றையும் இடம் மாற்றுகிறது. ஒரு த்ரெட் இப்படி இடம் மாற்றிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று அதே அட்டவணையில் தேடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கார்பேஜ் கலெக்டர் இதைவிட மோசம். ஒரு த்ரெட் ஒரு சிறிய டேபிளை ஒதுக்கினால் போதும், கலெக்டரின் ஒரு படி அங்கேயே ஓடத் தொடங்கும். அது மற்ற கோரூட்டின்களின் அடுக்குகளையும் நடந்து பார்க்கும், அந்த நேரத்தில் அந்த அடுக்கு வேறொரு த்ரெட்டால் மாற்றப்பட்டுக்கொண்டிருக்கும். கெடுதல் நிகழும் இடம் ஒன்று, அது வெளிப்படும் இடம் இன்னொன்று. செயலி ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழுவதற்கு இதுவே காரணம். விழுந்த இடத்தின் பேக்ட்ரேஸைப் பார்த்துப் பிழை தேடுவதில் பயனும் இல்லை.

மூலநிரலைப் புரட்டியவர்கள் லுவா_லாக், லுவா_அன்லாக் என்ற இரண்டு மேக்ரோக்களைக் கண்டு, இவற்றை நிரப்பினால் போதுமே என்று எண்ணுவதுண்டு. அவை இயல்பாக வெறுமையாக வரையறுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒரு மியூடெக்ஸை, அதாவது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் அனுமதிக்கும் பூட்டை, பொருத்தி லுவாவை நீங்களே தொகுத்தால், லுவாவின் சி இடைமுகமான ஏபிஐயின் ஒவ்வொரு அழைப்பும் பூட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும். செயலி விழாது, உண்மைதான். ஆனால் லுவா நிரல் ஓடும் நேரம் முழுவதும் பூட்டு ஒருவர் கையிலேயே இருக்கும். குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் லுவாய்_த்ரெட்ஈல்ட் என்ற மேக்ரோ அதை விட்டுப் பிடிக்கும். நான்கு கோர் இருந்தாலும் ஒரு கோரின் வேலைதான் நடக்கும், அதற்கு மேல் பூட்டின் செலவு வேறு. பைத்தானில் பல காலமாகப் பேசப்படும் ஜிஐஎல் (ஒரே நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓடவிடும் பொதுப் பூட்டு) பிரச்சினையை நாமே வலிந்து கொண்டுவருவதாகும் அது. லுவாவின் வேகமான மாற்று இயக்கியான லுவாஜிட்டில் இந்த மேக்ரோக்களே கிடையாது. இந்த வழியை விட்டுவிடுங்கள்.

இது லுவாவில் விடுபட்டுப்போன குறை அல்ல, தெரிந்தே எடுத்த முடிவு. 1993-இல் ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் லுவாவை உருவாக்கிய ரொபெர்ட்டோ இயெருசலிம்ஸ்கி, லூயிஸ் என்ரிக்கே டி ஃபிகெய்ரேடோ, வால்டெமார் செலெஸ் ஆகிய மூவரும், நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு எப்போது வேண்டுமானாலும் குறுக்கிடப்படும் த்ரெட் முறையைத் தாங்கள் நம்பவில்லை என்று மொழியின் வரலாற்றைப் பற்றிய 2007-ஆம் ஆண்டுக் கட்டுரையில் வெளிப்படையாகவே எழுதினார்கள். ஒரு மாறியில் 1-ஐக் கூட்டும் வரியின் விளைவே உறுதியில்லாத மொழியில் யாராலும் சரியான நிரல் எழுத முடியாது என்பது அவர்கள் வாதம். இன்னொரு காரணம் நடைமுறை சார்ந்தது: லுவா தரப்படுத்தப்பட்ட சி மொழியில் மட்டுமே எழுதப்பட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்கள், அன்றைய தரப்பாட்டில் த்ரெட் என்ற ஒன்றே இல்லை. இதற்கு ஈடாக அவர்கள் தந்தவை இரண்டு: 2000-இல் வந்த 4.0 பதிப்பு முதல், ஒரே செயலிக்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல ஸ்டேட்டுகளை எளிதாக வைத்திருக்கும் ஏபிஐ. 2003-இல் வந்த 5.0 முதல் கோரூட்டின்கள்.

இந்த இரண்டில் உங்களுக்கு வேண்டியது எது என்பதை, நேரம் எங்கே போகிறது என்பது தீர்மானிக்கும். செயலி வலையமைப்பின் பதிலுக்காகவோ வட்டுக்காகவோ காத்திருப்பதில் நேரம் போகிறது என்றால் கோரூட்டின்களே போதும். லுவாவைப் பதித்த இணையச் சேவையகமான ஓப்பன்ரெஸ்டி ஒரு வொர்க்கர் புராசஸுக்குள் ஒரே த்ரெட்டில் ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கையாள்வது அப்படித்தான். உங்கள் செயலியில் நேரம் போவது கணக்கில். கணக்கை நடுநடுவே கோரூட்டின் ஈல்ட் கொண்டு நிறுத்தி ஜன்னலுக்கு மூச்சுவிட இடம் கொடுக்கலாம்தான். ஆனால் ஸ்கிரிப்டை எழுதுபவர்கள் பயனர்கள் என்பதால், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவர்கள் தலையில் சுமத்துவது நியாயமில்லை. உண்மையான த்ரெட்டுகள்தான் உங்களுக்குத் தேவை.

அப்படியானால் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் லுவாஎல்_நியூஸ்டேட் மூலம் முழுமையான தனி ஸ்டேட் ஒன்றை உருவாக்குங்கள். பித்ரெட் ஓடத் தொடங்கியதும் ஸ்டேட்டை உருவாக்கி, லுவாஎல்_ஓப்பன்லிப்ஸ் அழைத்து, உங்கள் சொந்த ஃபங்ஷன்களைப் பதிவுசெய்து, ஸ்கிரிப்டை ஏற்றி, பிழைகளைப் பிடித்துத் தரும் லுவா_பிகால் மூலம் ஓடவிட்டு, முடிவில் லுவா_குளோஸ் செய்ய வேண்டும். ஸ்டேட்டை உருவாக்கிய த்ரெட்தான் அதை இயக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு த்ரெட்டுகள் ஒரு ஸ்டேட்டைத் தொடக்கூடாது என்பது மட்டுமே விதி. பிரதான த்ரெட்டில் தயார்செய்து, மியூடெக்ஸ் வழியாக மற்றொன்றிடம் ஒப்படைத்துவிட்டு, பிறகு அதைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் அதுவும் சரியே. அடிப்படை நூலகங்களோடு ஒரு ஸ்டேட் எடுக்கும் இடம் சில பத்து கிலோபைட் அளவே. ஆகவே செலவு ஸ்டேட்டில் இல்லை. அதற்குள் நீங்கள் ஏற்றும் மாட்யூல்களில் இருக்கிறது. ஒவ்வொரு கணக்குக்கும் புதிதாகத் தொடங்குவதைவிட, கோர்களின் எண்ணிக்கைக்கு நெருக்கமான அளவில் சில வொர்க்கர்களை (வேலைக்காகக் காத்திருக்கும் த்ரெட்டுகளை) தயாராக வைத்து வேலைகளை அவற்றுக்குப் பங்கிடுவது நல்லது. நினைவகத்தை எண்ணி வைக்க உங்கள் சொந்த ஒதுக்கீட்டு ஃபங்ஷனை லுவா_நியூஸ்டேட்டிடம் கொடுத்திருந்தால், அதன் கணக்கும் ஸ்டேட்டுக்கு ஒன்றாகப் பிரிந்திருக்க வேண்டும். பலர் தவறவிடும் இடம் அது.

இதுவரை சொன்னது எளிய பாதி. ஸ்டேட்டுகளைப் பிரித்த பிறகு அவற்றுக்கிடையே மதிப்புகளை எப்படிக் கடத்துவது என்பதில்தான் உங்கள் வடிவமைப்பின் தரம் தெரியும்.

லுவா_எக்ஸ்மூவ் என்ற ஃபங்ஷன் இதற்கு உதவாது. ஒரே குளோபல்_ஸ்டேட்டைச் சேர்ந்த கோரூட்டின்களுக்கிடையே மட்டும்தான் அது மதிப்புகளை நகர்த்தும். தனி ஸ்டேட்டுகளிடையே அதை அழைத்தால் பிழைச்செய்தி எதுவும் வராமல் ஒரு ஸ்டேட்டின் பாயிண்டர் மற்றொன்றின் அடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். எண், பூலியன், நில் ஆகியவற்றை நேரடியாகப் படித்து மறுபுறம் தள்ளலாம். ஸ்ட்ரிங்கை நீளத்தோடு நகலெடுத்து லுவா_புஷ்எல்ஸ்ட்ரிங் மூலம் தள்ளலாம். லுவா_டுஸ்ட்ரிங் தந்த பாயிண்டரை அப்படியே மற்ற த்ரெட்டிடம் கொடுத்துவிடாதீர்கள், மூல ஸ்டேட்டின் கலெக்டர் அதை எப்போது வேண்டுமானாலும் விடுவிக்கும். டேபிள்களை உள்ளே இறங்கி நகலெடுக்க வேண்டும். தன்னையே சுட்டும் டேபிள் வந்தால் முடிவில்லாமல் சுற்றாதிருக்க, ஏற்கெனவே நகலெடுத்தவற்றைக் குறித்துவைக்க வேண்டும். மெட்டாடேபிளை என்ன செய்வது என்று ஒரு முடிவும் எடுக்க வேண்டும். சாதாரணத் தரவு மட்டுமே கடக்கலாம், மெட்டாடேபிள் உள்ள டேபிள் வந்தால் பிழை என்று கண்டிப்பாக இருப்பதே என் விருப்பம். இந்தக் கண்டிப்பு பயனர்களுக்கு முதலில் எரிச்சல் தரும். ஆனால் பாதி நகலான ஆப்ஜெக்டோடு போராடுவதைவிட அது மேல்.

ஃபங்ஷன்களைக் கடத்துவதில் ஒரு மறைந்த பள்ளம் உண்டு. ஸ்ட்ரிங்.டம்ப் ஒரு லுவா ஃபங்ஷனைப் பைட்கோடாக, அதாவது தொகுக்கப்பட்ட இடைநிலை நிரலாக, மாற்றித் தரும். மறுபுறம் லோட் செய்தால் ஃபங்ஷன் கிடைத்துவிடும். ஆனால் ஃபங்ஷன் தன்னைச் சுற்றியுள்ள நிரலிலிருந்து எடுத்துப் பயன்படுத்தும் வெளி மாறிகளின் மதிப்புகள் அதோடு வருவதில்லை. 5.2 முதல் குளோபல் மாறிகளும் _என்வி என்ற வெளி மாறி வழியாகத்தான் தேடப்படுகின்றன. லோட் செய்யும்போது ஃபங்ஷனின் முதல் வெளி மாறியில் குளோபல் டேபிளை லுவா வைத்துவிடும், மற்றவை நில் ஆகத் தொடங்கும். உங்கள் ஃபங்ஷன் முதலில் 'வரம்பு' என்ற உள்ளூர் மாறியைப் பயன்படுத்திவிட்டு அதன்பின் பிரிண்டை அழைக்கிறது என்று வையுங்கள். மறுபுறம் சென்றதும் வரம்பில் எண்ணுக்குப் பதிலாகக் குளோபல் டேபிள் இருக்கும், பிரிண்டைத் தேட வேண்டிய இடத்தில் நில் இருக்கும். வரிகளின் வரிசையை மாற்றினால் பிழையின் வடிவமும் மாறும் என்பதால் இதைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். சி ஃபங்ஷன்களை டம்ப் செய்யவே முடியாது. ஆகையால் ஃபங்ஷனை அனுப்பாதீர்கள். மாட்யூலின் பெயரையும் அதிலுள்ள ஃபங்ஷனின் பெயரையும் ஸ்ட்ரிங்குகளாக அனுப்பி, வொர்க்கரே ரிக்வயர் செய்து அழைக்கட்டும். ஓப்பன்ரெஸ்டி பின்னாளில் சேர்த்த என்ஜின்எக்ஸ்.ரன்_வொர்க்கர்_த்ரெட் இதே முறையில்தான் மாட்யூல் பெயரையும் ஃபங்ஷன் பெயரையும் கேட்கிறது.

உங்கள் அளவீட்டுக் கோப்புகள் பல நூறு மெகாபைட் இருக்கும் என்றால் அவற்றை நகலெடுப்பது கட்டுப்படியாகாது. அவற்றை லுவா டேபிள்களாகவே மாற்றாமல், சி பக்கத்தில் ஒரு பஃபராக வைத்து, அதற்கு அணு முறையில் (இடையில் வேறு த்ரெட் குறுக்கிட முடியாதபடி) கூட்டிக் குறைக்கும் ஒரு சுட்டு எண்ணிக்கையைச் சேருங்கள். ஸ்டேட்டுக்கு ஸ்டேட் கடப்பது அந்தப் பஃபரின் முகவரி மட்டுமே; ஒவ்வொரு ஸ்டேட்டும் தனக்கென ஒரு சிறிய யூசர்டேட்டாவை (சி தரவைப் பொதியும் லுவா மதிப்பு) உருவாக்கி அதைச் சுட்டிக்கொள்ளும், கலெக்டர் அதை விடுவிக்கும்போது அழைக்கும் ஜிசி மெட்டாமெத்தட் எண்ணிக்கையைக் குறைக்கும், சுழியானதும் பஃபர் விடுவிக்கப்படும். முகவரி வரிசையில் காத்திருக்கும் நேரத்துக்கும் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிவைக்க மறக்காதீர்கள். பஃபர் படிப்பதற்கு மட்டுமே என்று வைத்துக்கொண்டால் பூட்டே தேவைப்படாது. ஒவ்வோர் எண்ணையும் இன்டெக்ஸ் மெட்டாமெத்தட் வழியாக எடுப்பது மெதுவாக இருக்கும். கூட்டுத்தொகை, சராசரி, வடிகட்டல் போன்ற மொத்தச் செயல்களைச் சி ஃபங்ஷன்களாகத் தந்துவிடுங்கள்.

செய்தி வரிசைக்கு ஒரு மியூடெக்ஸும், காத்திருக்கும் த்ரெட்டை எழுப்பும் ஒரு கண்டிஷன் வேரியபிளும் போதும். வொர்க்கர் பக்கம் செய்தி வரும்வரை காத்திருந்து எடுக்கலாம். ஜன்னலை நடத்தும் த்ரெட் ஒருபோதும் காத்திருக்கக்கூடாது, இருந்தால் எடுத்துவிட்டு இல்லையென்றால் உடனே திரும்ப வேண்டும். முடிவு தயாரானதை அதற்குத் தெரிவிக்க ஜிடிகே என்றால் ஜி_ஐடில்_ஆட், விண்டோஸ் என்றால் போஸ்ட்மெசேஜ். இரண்டையும் எந்த த்ரெட்டிலிருந்தும் அழைக்கலாம். வரிசைக்கு ஓர் உச்ச அளவு வையுங்கள். இல்லாவிட்டால் வேகமாக முடிவுகளைக் கொட்டும் ஒரு ஸ்கிரிப்ட் நினைவகத்தை நிரப்பிவிடும்.

இவற்றையெல்லாம் நீங்களே எழுத வேண்டும் என்பதில்லை. லுவா லேன்ஸ் இத்துறையின் பழைய, முழுமையான லைப்ரரி: ஒவ்வொரு லேனும் தனி ஸ்டேட்டோடு ஓடும் த்ரெட், லிண்டா என்ற ஆப்ஜெக்ட் வழியாகச் செய்திகள் போய்வரும், வெளி மாறிகளையும் அதுவே நகலெடுக்கும். அந்த வசதியே சில நேரம் தொல்லை, ஏனெனில் எது நகலாகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. எஃபில் என்ற லைப்ரரி பகிரப்பட்ட டேபிள்களைத் தருகிறது. அவை லுவாவுக்கு வெளியே சி பிளஸ் பிளஸில் வாழ்கின்றன, ஒவ்வொரு தொடுதலும் பூட்டு வழியாகப் போகிறது. ஆனால் ஒரு மதிப்பைப் படித்து ஒன்று கூட்டி எழுதுவது அங்கே இரண்டு தனிச் செயல்கள் என்பதால், லுவாவை உருவாக்கியவர்கள் அஞ்சிய அதே நிலை பின்வாசல் வழியாக வந்துவிடும். காத்திருக்காமல் கோப்பு, வலையமைப்பு வேலைகளைச் செய்ய உதவும் லிப்யூவி லைப்ரரியின் லுவா இணைப்பான லுவ், நியூ_வொர்க் என்ற ஃபங்ஷன் மூலம் த்ரெட் பூலில் (தயாராக வைத்த த்ரெட்டுகளின் தொகுதியில்) வேலையைச் சேர்க்கும். பூலின் இயல்பான அளவு 4, அதே பூலைத்தான் கோப்புச் செயல்களும் டிஎன்எஸ் தேடலும் பயன்படுத்துகின்றன, ஆகவே நீண்ட கணக்குகள் நான்கை அங்கே ஓட்டினால் கோப்புப் படிப்பும் நின்றுவிடும். விளையாட்டு எழுதுபவர்களின் லவ் சட்டகத்தில் த்ரெட்டும் சேனலும் உள்ளேயே இருக்கின்றன, த்ரெட்டுக்குள் லவ்.கிராஃபிக்ஸைத் தொட முடியாது, படத்தைப் பிரித்துத் தரவாக்கும் வேலையை மட்டும் அங்கே செய்துவிட்டு வரைவதைப் பிரதான த்ரெட்டுக்கு விட வேண்டும். உங்கள் செயலி ஏற்கெனவே சியில் இருப்பதால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் வரிசையையும் வொர்க்கர்களையும் சொந்தமாகவே எழுதுவேன். சில நூறு வரிகளில் முடியும் வேலை, எது கடக்கிறது எது கடக்கவில்லை என்பதும் முழுக்க உங்கள் கையில் இருக்கும்.

ஸ்டேட்டுகளைப் பிரித்த பிறகும் செயலி முழுவதற்கும் பொதுவாகச் சில எஞ்சும். ஓஎஸ்.செட்லோக்கேல் எல்லா த்ரெட்டுகளையும் பாதிக்கும். ஒரு ஸ்கிரிப்ட் அதை மாற்றினால் மற்றொன்றில் தசமப் புள்ளி காற்புள்ளியாகிவிடலாம். ஓஎஸ்.எக்ஸிட் செயலியையே மூடிவிடும், வொர்க்கர்களில் அதை நீக்கிவிடுங்கள். நடப்பு அடைவும் செயலிக்கு ஒன்றே. மேத்.ரேண்டம் 5.3 வரை சி நூலகத்தின் பொதுவான ரேண்டம் எண் ஆக்கியைப் பயன்படுத்தியது; ஒரு த்ரெட்டில் விதை வைத்தால் மற்றதன் வரிசை கலைந்துவிடும். 5.4-இல் ஒவ்வொரு ஸ்டேட்டும் தனக்கென ஓர் ஆக்கியை வைத்திருப்பதால் இது உங்களைப் பாதிக்காது, ஆனால் லுவாஜிட் அல்லாத பழைய பதிப்புகளில் ஓடும் நிரலை எடுத்துவருபவர்கள் கவனிக்க வேண்டும். இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானவை ஸ்டேடிக் மாறிகளில் நிலையைச் சேமித்துவைக்கும் சி மாட்யூல்கள். நீங்கள் இணைக்கும் ஒவ்வொன்றின் மூலநிரலையும் திறந்து, ஸ்டேடிக் என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள்.

பிழைகளுக்கு வருவோம். வொர்க்கரில் நடக்கும் லுவா பிழை லுவா_பிகாலுக்கு வெளியே தப்பினால் பேனிக் ஃபங்ஷன் அழைக்கப்பட்டு, பிறகு அபார்ட் மூலம் செயலி முழுவதும் மடியும். நுழைவாயில் ஃபங்ஷனை முழுக்கப் பிகாலுக்குள் வையுங்கள், லுவாஎல்_ட்ரேஸ்பேக் அழைக்கும் ஒரு கையாளியைக் கொடுங்கள், கிடைக்கும் உரையை மற்றச் செய்திகளைப் போலவே வரிசையில் அனுப்பிவிடுங்கள்.

நிறுத்துவது தனிப் பிரச்சினை. பயனர் ரத்து பொத்தானை அழுத்தினால் பித்ரெட்_கேன்சல் கொண்டு த்ரெட்டைக் கொல்லாதீர்கள்; பூட்டுகள் பிடித்தபடியே கிடக்கும், நினைவகமும் திரும்பாது. வொர்க்கர் தொடங்கும்போதே லுவா_செட்ஹுக் மூலம், 10,000 கட்டளைகளுக்கு ஒருமுறை என்பதுபோல் ஓர் எண்ணிக்கை ஹுக்கை (லுவா இடையிடையே அழைக்கும் ஃபங்ஷனை) வைத்து, அது ஓர் அணு மாறியைப் பார்த்து, ரத்து என்றிருந்தால் லுவாஎல்_எரர் எழுப்பட்டும். ஹுக் கோரூட்டினுக்குக் கோரூட்டின் தனி என்றாலும், புதிய கோரூட்டின் தன்னைப் படைத்ததன் ஹுக்கைப் பெற்றுக்கொண்டே பிறக்கிறது, ஆகவே தொடக்கத்திலேயே வைத்துவிட்டால் கவலையில்லை. ஸ்கிரிப்ட் தன் சொந்தப் பிகாலில் அந்தப் பிழையை விழுங்கிவிட்டால் அடுத்த எண்ணிக்கையில் ஹுக் மறுபடியும் எழுப்பும். சி ஃபங்ஷனுக்குள் ஓடும் நேரத்தில் ஹுக் வராது. சிக்கலான பேட்டர்னோடு நீண்ட உரையில் தேடும் ஸ்ட்ரிங்.ஃபைண்ட் அது முடியும்வரை நிற்காது. லுவாஜிட்டுக்கு மாறும் எண்ணம் இருந்தால், இயந்திர நிரலாக மாற்றப்பட்ட சுழற்சிகள் இயல்பான தொகுப்பில் ஹுக்கைப் பார்ப்பதே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

சோதிக்கும் தொகுப்பில் லுவா_யூஸ்_ஏபிஐசெக் என்பதை வரையறுத்து லுவாவைத் தொகுங்கள். அப்போது அந்நிய ஸ்டேட்டுக்கு எக்ஸ்மூவ் செய்வது போன்ற தவறுகள் அதே வரியில் அசெர்ட் ஆகி நிற்கும். கிளாங் அல்லது ஜிசிசி தொகுப்பியில் உள்ள, த்ரெட்டுகளின் மோதல்களைக் கண்டறியும் த்ரெட் சானிடைசரோடு செயலியையும் லுவாவையும் சேர்த்தே தொகுத்து ஒருமுறை ஓட்டுங்கள். இப்போதைய உங்கள் நிரலில் அது முதல் சில நொடிகளிலேயே ஸ்ட்ரிங் அட்டவணையைச் சுட்டிக்காட்டும். ஸ்டேட்டுகளைப் பிரித்த பிறகும் அது எதையாவது காட்டினால், பெரும்பாலும் அது உங்கள் வரிசையிலோ ஏதாவதொரு சி மாட்யூலிலோ இருக்கும், லுவாவில் அல்ல.